கரையை மறைத்த சாலை

நெடுஞ்சாலையோரம் நடப்பட்டுள்ள கிலோமீட்டர் கற்களைக் கவனித்தவர்க்கு, அவற்றின் தலைப்பகுதி எங்கும் ஒரே நிறமாய் இராது என்பது தெரிந்திருக்கும். மஞ்சள் தலை கொண்ட கல் தேசிய நெடுஞ்சாலையைக் குறிக்கும். பச்சைத் தலை கொண்டது மாநில நெடுஞ்சாலையைக் குறிக்கும். சில ஊர்களில் பச்சையாய் இருந்த கல் ஒருநாள் மஞ்சளாக மாறியிருக்கும். சாலையில் ஒரு பிடி மண்ணும் இடம்பெயர்ந்திராது. அதைப் பேணும் பொறுப்பு மட்டும் மாநில அரசிடமிருந்து ஒன்றிய அரசுக்குப் போயிருக்கும். 'முன்னாள் மாநில நெடுஞ்சாலை' என்று நம் நாட்டில் சொல்லப்படுவது பெரும்பாலும் இவ்வாறு எண் மாறிய சாலையே. எண் மாறிய பின்னும் பேருந்துகளும் லாரிகளும் முன்போலவே ஓடும்.

எண்ணோடு சேர்ந்து சாலையும் இல்லாமற்போவது அரிது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரில் அவ்வாறு ஒரு சாலை மறைந்தது. அதன் பெயர் மாநில நெடுஞ்சாலை 480. கடற்கரையை ஒட்டித் தூண்களின்மேல் எழுந்து நின்ற பகுதியின் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். நடந்தே அரைமணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆயினும் அதைக் கட்டியபோதும் நகரம் இரண்டுபட்டது, இடித்தபோதும் இரண்டுபட்டது. இடித்தே தீர்வது என்று நின்ற மேயர் அடுத்த தேர்தலில் பதவியை இழந்தார்.

துறையும் பாலங்களும்

சான் பிரான்சிஸ்கோ மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நகரம். மேற்கே பசிபிக் பெருங்கடல், கிழக்கே வளைகுடா, வடக்கே அவ்விரண்டையும் இணைக்கும் குறுகிய நீர்வழி. கிழக்குக் கரைக்கு 'எம்பர்காடெரோ' என்று பெயர். இது ஸ்பானியச் சொல். படகேறும் இடம் என்பது பொருள். தமிழில் 'துறை' என்ற ஒரு சொல்லே இதற்குப் போதும். கலிஃபோர்னியா முதலில் ஸ்பெயினின் ஆட்சியிலும் பின்னர் 1848 வரை மெக்சிகோவின் ஆட்சியிலும் இருந்தமையால் அங்கே ஊர்ப்பெயர்கள் பலவும் ஸ்பானிய மொழியிலேயே வழங்குகின்றன.

1848ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் பொன் கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் கப்பலேறி வந்தனர். வந்த கப்பல்களின் மாலுமிகளும் பொன் தேடி மலைப்பகுதிக்குப் போய்விட்டதால், கப்பல்கள் கரையோரத்திலேயே கேட்பாரற்று நின்றன. நகரம் வளர வளர, அந்தக் கரையோர நீர்ப்பரப்பு மண்ணிட்டு நிரப்பப்பட்டது. சில கப்பல்கள் அம்மண்ணுக்குள்ளேயே புதைந்தன. அப்பகுதியில் புதுக் கட்டடத்திற்கு அடித்தளம் தோண்டும்போது, கப்பலின் மரச்சட்டங்கள் அகப்பட்டதுண்டு. துறையின் கரை இயற்கையான தரையன்று, இட்டு நிரப்பிய தளர்மண் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இக்கதையின் பிற்பகுதி அதன்மேல்தான் நிற்கிறது.

1898இல் அக்கரையில் ஃபெர்ரி கட்டடம் திறக்கப்பட்டது. அதன் மணிக்கூண்டு ஏறத்தாழ 75 மீட்டர் உயரம் உடையது. ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரப் பேராலயத்தின் கோபுரத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுப்பப்பட்டது. 1906இல் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் நகரின் பெரும்பகுதியை அழித்தபோதும் இக்கட்டடம் நின்றது. நகரின் தலைமைத் தெருவாகிய மார்க்கெட் தெரு நேராக வந்து இதன் வாயிலில் முடியும். ஆதலால் தெருவில் எங்கு நின்றாலும் மணிக்கூண்டு கண்ணில் படும். வளைகுடாவின் மறுகரையில் வாழ்ந்தவர்கள் வேலைக்கு வருவதும் திரும்புவதும் படகில்தான். நாளொன்றுக்கு 50,000 பேர்வரை இத்துறையில் ஏறி இறங்கிய காலம் இருந்தது.

1936இல் வளைகுடாப் பாலம் திறக்கப்பட்டது. 1937இல் வடக்கு நீர்வழியின்மேல் கோல்டன் கேட் பாலம் திறக்கப்பட்டது. மக்கள் படகை விட்டுக் காருக்கு மாறினர். 1958இல் ஓக்லந்து நகருக்குச் சென்றுவந்த கடைசிப் படகும் நின்றது. வாயிலில் கூட்டம் இல்லாத ஒரு மாளிகைக்கு முன்னால் சாலை போடுவதில் தவறென்ன என்று திட்டமிட்டவர்கள் எண்ணியிருக்கக்கூடும்.

முடிவுறாத சாலை

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் கார்கள் பெருகின. சிக்னலும் குறுக்குத் தெருவும் இல்லாத விரைவுச்சாலைகளே வருங்காலம் என்று அரசுகள் நம்பின. சான் பிரான்சிஸ்கோவுக்குள் மட்டும் பத்து விரைவுச்சாலைகள் திட்டமிடப்பட்டன. அவற்றுள் ஒன்று 480. வளைகுடாப் பாலத்தின் அணுகுசாலையில் தொடங்கி, கிழக்குக் கரையோரமாக வடக்கே சென்று, பின் மேற்கே திரும்பி, வடகரை வழியாகக் கோல்டன் கேட் பாலத்தைச் சேர்வது அதன் வழி. இரு பெரும் பாலங்களையும் ஒரே சாலையால் இணைப்பது நோக்கம். வரைபடத்தில் பார்த்தால் இதனினும் தெளிவான திட்டம் இருக்க முடியாது.

தரையில் எழுந்தபோதுதான் அது எத்தகையது என்பது மக்களுக்குப் புலப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தளங்கள்; ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு. அவற்றைத் தாங்கும் பருத்த கான்கிரீட் தூண்கள். இவ்வீரடுக்குச் சாலை ஃபெர்ரி கட்டடத்தின் முகப்புக்கு நேர் எதிரே குறுக்காகச் சென்றது. மார்க்கெட் தெருவிலிருந்து பார்ப்பவர்க்குக் கட்டடம் மறைந்து, சாலைக்கு மேலே மணிக்கூண்டு மட்டும் தெரிந்தது. கீழே வெயில் படாத நிழலும் வண்டி நிறுத்துமிடமும் இருந்தன. கடல் அங்கேயேதான் இருந்தது. நகரத்திலிருந்து அதைக் காணத்தான் இயலவில்லை.

சாலை 1959இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு சனவரியில் நகரவை ஒரு தீர்மானம் நிறைவேற்றி, திட்டமிட்ட பத்துச் சாலைகளுள் ஏழினை எதிர்த்தது. சாலை கட்டுவது மாநில அரசின் துறை. ஆனால் நகரத் தெருக்களை மூடாமல் விரைவுச்சாலை அமைக்க இயலாது. தெருவை மூட நகரத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலை நகரம் தர மறுத்தது. வீடுகளும் பூங்காக்களும் இடிபடும் என்று அஞ்சிய பகுதிமக்கள் கூட்டங்கள் நடத்தினர், கையெழுத்துத் திரட்டினர். அறுபதுகளிலும் இப்போராட்டம் தொடர்ந்தது. 'விரைவுச்சாலைக் கிளர்ச்சி' என்று வரலாற்றில் இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆகவே 480 பாதியில் நின்றது. பிராட்வே என்னும் தெருவில் வண்டிகள் இறங்க ஒரு சரிவுப்பாதை அமைத்துவிட்டு, மேலே செல்லவேண்டிய தளங்களை அப்படியே விட்டுவிட்டனர். தொடக்கத்தில் நாடுதழுவிய நெடுஞ்சாலைத் தொகுப்பில் 480 என்ற எண்ணோடு சேர்க்கப்பட்டிருந்த இச்சாலை, அறுபதுகளில் அத்தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டு, அதே எண்ணுடன் மாநில நெடுஞ்சாலை ஆயிற்று. நம் ஊர்க் கல் பச்சையிலிருந்து மஞ்சளாகும். இங்கே மஞ்சளிலிருந்து பச்சையானது என்று கொள்ளலாம்.

அழகற்றது, அரைகுறையானது என்பவை மெய்யே. எனினும் பயனற்றது என்று சொல்ல முடியாது. நாள்தோறும் 60,000க்கும் மேற்பட்ட வண்டிகள் அதில் ஓடின. பிராட்வே சரிவுப்பாதையில் இறங்கினால் சில நிமிடங்களில் சைனாடவுனை அடையலாம். வட அமெரிக்காவின் மிகப் பழைய சீனக் குடியிருப்புகளுள் அது ஒன்று. அங்கிருந்து வளைகுடாவின் மறுகரைக்குக் குடிபெயர்ந்த சீனக் குடும்பங்கள் பல, காய்கறிக்கும் மீனுக்கும் உறவினரைக் காண்பதற்கும் விடுமுறைநாளில் காரில் வந்துபோயின. அவர்களுக்கு அச்சாலை தாய்வீட்டு வாசல்படி போன்றது. 1986இல், சாலையை இடித்துவிட்டுத் தரைமட்டத்தில் அகன்ற தெரு அமைக்கலாமா என்று நகர மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. பெரும்பான்மையோர் வேண்டாம் என்றனர். இருபத்தேழு ஆண்டுகள் பழகிய பின், பிடிக்காத சாலையும் வேண்டிய சாலையாகிவிட்டது.

பதினைந்து நொடி

1989 அக்டோபர் 17, மாலை 5.04 மணி. நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், சாந்தா குரூஸ் மலைத்தொடரில் நிலம் அதிர்ந்தது. அதிர்வின் அளவு 6.9. அருகிலுள்ள லோமா பிரியேட்டா சிகரத்தின் பெயராலேயே அந்நிலநடுக்கம் அழைக்கப்படுகிறது. அதிர்ந்தது ஏறத்தாழ 15 நொடிதான். 63 பேர் இறந்தனர்.

அவர்களுள் 42 பேர் ஒரே இடத்தில் இறந்தனர். வளைகுடாவின் மறுகரையில், ஓக்லந்து நகரில் சைப்ரஸ் தெருவின்மேல் 1957இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு விரைவுச்சாலை ஒன்று இருந்தது. அதன் மேல்தளம் கீழ்த்தளத்தின்மேல் விழுந்தது. அன்று மாலை இவ்விரு நகரங்களின் அணிகளும் மோதும் பேஸ்பால் இறுதித்தொடரின் ஆட்டம் தொடங்கவிருந்தது. பலர் முன்கூட்டியே வீடு திரும்பியிருந்ததால் சாலையில் வழக்கமான நெரிசல் இல்லை. இருந்திருந்தால் இறந்தோர் எண்ணிக்கை எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று எண்ணவே நடுக்கம் உண்டாகும்.

மேல்தளம் ஏன் விழுந்தது? கான்கிரீட் தூணுக்குள் நெடுக நிற்கும் கம்பிகளைச் சுற்றிலும் வளையக் கம்பிகள் கட்டப்படும். கட்டடத் தொழிலாளர் இவற்றை 'ரிங்' என்பர். தூண் பக்கவாட்டில் ஆடும்போது உள்ளிருக்கும் கான்கிரீட் சிதறாமல் இறுகப் பிடித்துவைப்பவை இவ்வளையங்களே. ஐம்பதுகளின் விதிகளின்படி அமைந்த தூண்களில் வளையங்கள் போதிய நெருக்கமாக இல்லை. மேல்தளமும் கீழ்த்தளமும் சேரும் மூட்டுகளும் வலுவற்றிருந்தன. மேலும், தளர்ந்த சேற்றுமண் நிலஅதிர்வைப் பெரிதாக்கும். கெட்டியான பாறைமேல் நிற்பதைவிட இட்டு நிரப்பிய மண்மேல் நிற்பது ஆபத்தானது. சைப்ரஸ் சாலை விழுந்த பகுதியின் அடியில் இருந்தது அத்தகைய சேறே.

480இன் ஈரடுக்கும் அதே காலத்தது. அதே வகையில் அமைந்தது. கப்பல்கள் புதைந்த அதே தளர்மண் கரையில் நின்றது. தூண்கள் விரிசல் கண்டன. சாலை விழவில்லை. ஆனால் அன்றோடு மூடப்பட்டது.

இடிப்பதா, பழுதுபார்ப்பதா?

தூண்களை வலுப்படுத்திச் சாலையை மீண்டும் திறக்கலாம் என்பது ஒரு கருத்து. அதுவே விரைவானது. இடித்துவிட்டுத் தரைமட்டத்தில் மரங்கள் நிற்கும் அகன்ற தெரு அமைக்கவேண்டும் என்பது மேயர் ஆர்ட் ஆக்னோஸின் கருத்து. மூன்றாண்டுக்கு முன்பு மக்கள் மறுத்த திட்டம் அது. ஆயினும் சைப்ரஸ் சாலையின் படங்களைப் பார்த்த பின் ஈரடுக்குச் சாலையைப் பற்றிய எண்ணம் பலருக்கு மாறியிருந்தது.

சைனாடவுன் வணிகர்களுக்கு மாறவில்லை. அவர்களுக்கு அது கண்காட்சிப் பொருளன்று, பிழைப்பு. சாலை மூடிய நாள் முதல் மறுகரை வாடிக்கையாளர் வரவு குறைந்தது. கடைகளிலும் உணவகங்களிலும் வருமானம் சரிந்தது. அவர்கள் சார்பில் ரோஸ் பாக் என்னும் பெண்மணி முன்னின்று வாதாடினார். பத்திரிகையாளராய் இருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர் அவர். சாலையைத் திறக்காவிட்டால் அதற்கு ஈடாக எதைத் தருவீர்கள் என்பதே அவர்களின் கேள்வி. கரை அழகாகும் என்ற விடை அக்கேள்விக்குரிய விடையாகாது.

நகரவையில் மிகக் குறுகிய வாக்கு வேறுபாட்டில் இடிப்புக்கு ஒப்புதல் கிடைத்தது. 1991 பிப்ரவரியில் இடிப்பு தொடங்கியது. 480 என்ற எண்ணும் அவ்வாண்டே மாநிலச் சாலைப் பட்டியலிலிருந்து நீங்கியது. ஆண்டிறுதித் தேர்தலில் ஆக்னோஸ் தோற்றார். தோல்விக்குப் பல காரணங்கள் இருந்தன. சைனாடவுனின் மனக்கசப்பு அவற்றுள் ஒன்று. முந்தைய தேர்தலில் அவரை ஆதரித்தவர்கள் அவர்கள்.

சாலை போன பின்

நெரிசலால் நகரம் நின்றுவிடும் என்று அஞ்சியவர்கள் எதிர்பார்த்தது நிகழவில்லை. வண்டிகளுள் சில பக்கத் தெருக்களுக்குப் பிரிந்தன. மக்களுள் சிலர் தொடர்வண்டிக்கு மாறினர். நிலநடுக்கத்தில் வளைகுடாப் பாலத்தின் ஒரு பகுதி விழுந்து ஒரு மாதம் மூடியிருந்தபோது, நிறுத்தப்பட்ட படகுகளை மீண்டும் விடவேண்டியதாயிற்று. பாலம் திறந்த பின்னும் படகுப் பயணம் நின்றுவிடவில்லை.

கரையோரத்தில் பேரீச்சை இனத்து மரங்கள் வரிசையாக நடப்பட்டன. அகன்ற தெருவும் நடைபாதையும் அமைந்தன. 2000இல் அத்தெருவின் நடுவே டிராம் ஓடத் தொடங்கியது. இத்தாலியின் மிலான் நகரில் ஓடிய பழைய வண்டிகளும் அதில் ஓடுகின்றன. 2003இல் ஃபெர்ரி கட்டடம் புதுப்பிக்கப்பட்டு அங்காடியாகத் திறக்கப்பட்டது. மார்க்கெட் தெருவில் நிற்பவர்க்கு இன்று மணிக்கூண்டும் அதன் அடியிலுள்ள வாயிலும் தெரியும். திட்டப்படி 480 சென்று சேரவேண்டிய வடமுனையில், கோல்டன் கேட் பாலத்தின் பழைய அணுகுசாலையும் பின்னர் இடிக்கப்பட்டது. 2015இல் அங்கே சுரங்கவழிகளுடன் கூடிய புதுச்சாலை நிறைவுற்றது. 2022இல் அச்சுரங்கத்தின்மேல் பூங்கா திறக்கப்பட்டது. தென்கொரியாவின் சோல் நகரிலும் இவ்வாறே உயர்சாலை ஒன்றை 2003இல் இடிக்கத் தொடங்கி, அதனடியில் மறைந்திருந்த ஓடையை 2005இல் மீட்டனர்.

சாலைகளை இடித்து நகரை மீட்ட கதைகளைச் சொல்வோர் பெரும்பாலும் மரவரிசையோடு நிறுத்திவிடுவர். சைனாடவுனுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொன்னால்தான் கணக்கு நேராகும். இழந்த சாலைக்கு ஈடாகத் தங்கள் பகுதிக்குச் சுரங்கத் தொடர்வண்டி வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினர். கரைத்தெருவும் டிராமும் பத்தே ஆண்டுகளில் வந்தன. தொடர்வண்டி வரவில்லை. ரோஸ் பாக் 2016இல் மறைந்தார். 2022 நவம்பரில்தான் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் வார இறுதிகளில் மட்டும் வண்டிகள் விடப்பட்டன. 2023 சனவரியில் முழுச்சேவை தொடங்கியது. நிலநடுக்கம் நிகழ்ந்து முப்பத்துமூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. 1989இல் கல்லாவில் அமர்ந்திருந்தவர் பலர் அதற்குள் முதுமை எய்தியிருந்தனர். சைனாடவுனில் தரைக்கடியில் அமைந்த நிலையத்துக்கு ரோஸ் பாக்கின் பெயரும் சேர்த்துச் சூட்டப்பட்டுள்ளது.

சொற்பொருள்

அணுகுசாலை – பாலத்திற்கு இட்டுச் செல்லும் சாலை
ஈரடுக்கு – இரண்டு தளங்கள் உடையது
தளர்மண் – இறுக்கமற்ற மண்
கல்லா – கடையில் பணம் வாங்கும் இடம்
முகப்பு – கட்டடத்தின் முன்பகுதி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. 'எம்பர்காடெரோ' என்பதன் பொருள் யாது? அதற்கு ஈடான தமிழ்ச் சொல் எது?
2. மாநில நெடுஞ்சாலை 480 பிராட்வே தெருவோடு நின்றது ஏன்?
3. தூணில் வளையக் கம்பிகளின் பணி யாது?

ஆ. ஒரு பத்தியில் விடை தருக.
1. 1986இல் சாலையை இடிக்க மறுத்த நகரம் 1991இல் அதை இடித்தது. இடைப்பட்ட காலத்தில் மாறியது எது, மாறாதது எது?
2. 'கரை அழகாகும் என்ற விடை அக்கேள்விக்குரிய விடையாகாது.' – இத்தொடர் எந்தக் கேள்வியைச் சுட்டுகிறது? இக்கூற்றை ஏற்கிறீர்களா?

இ. பிரித்து எழுதுக: இவ்வீரடுக்கு, அவ்விரண்டையும், தெருவினின்று.

ஈ. 1990ஆம் ஆண்டில் சைனாடவுனில் மீன்கடை நடத்தும் ஒருவர், சாலையைப் பற்றித் தம் கருத்தைத் தெரிவித்து மேயருக்கு எழுதும் கடிதம் ஒன்றை வரைக. அதே கடிதத்திற்கு மேயர் எழுதும் மறுமொழியையும் வேறொரு தாளில் எழுதுக.